கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்ய எந்த மருந்து? (கிரியாட்டினின் கூடியவருக்கு)

கேள்வி: பவானிக்கரை

வணக்கம். என் தாயாருக்கு வயது 63. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 என்று வந்திருக்கிறது. அவருடைய தம்பி, அதாவது என் தாய்மாமன், 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஆகவே அம்மாவுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறினார்.

சென்ற ஆண்டு செய்தோம். முந்தைய நாள் மாலையே 2 லிட்டர் பவுடர் கரைசல் முழுவதையும் குடித்து முடிக்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு தம்ளர் உள்ளே இறங்கவில்லை, குமட்டி எடுத்துவிட்டார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பரிசோதனை நடந்தது. பெருங்குடலின் வலப்பகுதியில் மலக்கசடு படிந்திருந்ததால் முழுமையாகப் பார்க்க இயலவில்லை என்றும், ஓராண்டுக்குள் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் அறிக்கையில் எழுதிவிட்டார்கள்.

இப்போது மீண்டும் தேதி குறித்திருக்கிறோம். அம்மாவோ அந்தப் பவுடரின் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 45 மில்லி அளவில் சின்னப் பாட்டில் மருந்து ஒன்று கிடைக்கிறது, அதைத் தண்ணீரில் கலந்து குடித்தால் போதும், இவ்வளவு பாடு வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதைக் கொடுக்கலாமா? அல்லது இந்தப் பரிசோதனையையே தவிர்த்துவிட்டு, மலத்தை மட்டும் சோதிக்கும் முறை போதுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற தெளிவோடு போவேன்.

பதில்: வெள்ளுடுப்பு

நான் எண்டோஸ்கோபிப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். முதலில் அந்தச் சின்னப் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். நீங்கள் குறிப்பிடுவது சோடியம் பாஸ்பேட் கரைசலாகத்தான் இருக்கும். உங்கள் தாயாருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பாஸ்பேட் இரத்தத்தில் ஏறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகங்களாகப் படிந்துவிடுவதுண்டு. அப்படிப் படிந்து சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதடைந்தவர்கள் உண்டு என்பதால்தான், 2008 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகை மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. 55 வயதைக் கடந்தவர்கள், ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், இரத்த அழுத்தத்துக்கு ‘பிரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடியும் மாத்திரைகளை எடுப்பவர்கள், நீர் மாத்திரை எடுப்பவர்கள், மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். உங்கள் தாயார் இந்த வரிசையில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கிறார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அவர் முகம் சுளிக்கும் பவுடர்தான் அவருடைய சிறுநீரகத்துக்கு ஏற்றது. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பெரிய மூலக்கூறும் உப்புகளும் கலந்த கரைசல் அது. கடையில் பெக்லெக் என்று கேட்டால் தருவதும் இந்த வகையே. அந்த மூலக்கூறு குடலால் உறிஞ்சப்படுவதில்லை. உப்புகளின் அளவும் உடல்நீரோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டிருப்பதால், குடித்த நீர் உடலுக்குள் போகாமலும் உடலிலுள்ள நீரை வெளியே இழுக்காமலும் குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. 1980இல் ஜான் ஃபோர்ட்ரான் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை வெளியிட்டபோது 4 லிட்டர் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து 2 லிட்டராகவும், அண்மைக் காலத்தில் 1 லிட்டராகவும் குறைத்திருக்கிறார்கள். இந்த அஸ்கார்பிக் அமில வகைகளில், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை.

சோடியம் பிகோசல்ஃபேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் கலந்த மருந்தும் உண்டு. ஒவ்வொரு வேளையும் அரைத் தம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகக் குடித்துவிட்டு, மீதியைத் தெளிந்த நீராகாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பலரும் இதை விரும்புகிறார்கள். ஆனால் மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. ஓரளவு தளர்ந்தவர்களுக்கும் மருத்துவர் கணக்குப் பார்த்தே கொடுப்பார். 1.6 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது; சிறுநீரகம் வடிகட்டும் திறனை வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் எவ்வளவு என்று கேளுங்கள்.

சென்ற ஆண்டு நடந்ததற்கு மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். முந்தைய நாள் மாலையே குடித்து முடித்துவிட்டு மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பரிசோதனை என்றால், இடையில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். குடல் கழுவப்பட்ட பிறகும் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் கசடும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அவை முதலில் வந்து சேருமிடம் பெருங்குடலின் வலப்பகுதி. தட்டையான, சளிப்படலம் மூடிய பாலிப்புகள் (குடல்சுவரில் வளரும் சிறு கட்டிகள்) பெரும்பாலும் ஒளிந்திருப்பதும் அங்கேதான். ஆகவேதான் மருந்தை இரண்டாகப் பிரித்து, முந்தைய இரவு பாதியும், பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னதாக மீதிப் பாதியும் தொடங்கச் சொல்கிறார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு முழுவதும் குடித்து முடித்திருக்க வேண்டும். பாதிப் பாதியாகக் குடிக்கும்போது குமட்டலும் குறைகிறது. எனக்குத் தெரிந்து, மருந்தை மாற்றுவதைவிட இந்த நேர மாற்றம் தரும் பலன் பெரிது.

ஒன்று மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒருமுறை சுத்தம் போதாமல் போனவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோயால் குடல் மந்தமானவர்களுக்கும் குறைந்த அளவு மருந்து எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. ஆகவே இம்முறை அளவைக் கூட்டியோ, பிசாகோடில் என்ற பேதி மாத்திரை சேர்த்தோ, உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு மூன்று நாளாக நீட்டியோ மருத்துவர் எழுதினால் வியக்க வேண்டாம்.

பதில்: தோபாயோ

மலப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இங்கு 50 வயதைக் கடந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் இங்கே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. வீட்டிலேயே சிறு குச்சியால் மலத்தின் மேற்பரப்பைப் பல இடங்களில் தொட்டு, குப்பியில் போட்டு மூடி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தை அது கண்டுபிடிக்கும். உணவுக் கட்டுப்பாடோ பேதி மருந்தோ தேவையில்லை.

ஆனால் அது தொந்தரவு இல்லாத, குடும்பத்தில் நோய் இல்லாத சராசரி மனிதர்களுக்கான வடிகட்டி. ஒரே தடவை செய்தால், இருக்கும் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும்; இரத்தம் கசியாத பாலிப்புகளைப் பெரும்பாலும் தவறவிடும். ஆண்டுதோறும் திரும்பச் செய்வதால்தான் அதற்கு வலிமை. முடிவு பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் கொலோனோஸ்கோபியிலிருந்து தப்பிக்க வழியில்லை. உங்கள் தாயாரோ, உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்கு முன்பே நோய் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர்களுக்கு 40 வயதிலேயே, அல்லது உறவினருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, நேரடியாகக் கொலோனோஸ்கோபி செய்யத்தான் அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சி.டி. ஸ்கேன் மூலம் பெருங்குடலைப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அதற்கும் பேதி மருந்து குடித்தாக வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை.

பதில்: தென்காசித் தென்றல்

இத்தனை இரசாயனம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டாரத்துப் பேதி மூலிகையான நிலாவரை உலகமெங்கும் திருநெல்வேலியின் பெயரால் ஏற்றுமதியாகிறது. பாட்டி காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்தே வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் அதைக் கொடுத்தால் போதாதா?

பதில்: மருந்துச்சீட்டு

ஐயா, நிலாவரையின் பெருமையை மறுக்கவில்லை. அதன் சாற்றிலிருந்து செய்த மாத்திரைகளைக் குடல் சுத்திகரிப்புக்குத் துணை மருந்தாக மேல்நாடுகளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் வயிறு இளகுவது வேறு, கேமராவுக்குக் குடல்சுவர் பளிச்சென்று தெரிவது வேறு. பெருங்குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் பாஸ்டன் அளவுகோல் ஒன்று உண்டு. மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 2 வந்தால்தான் தேர்ச்சி. நிலாவரையை மட்டும் நம்பி அந்த மதிப்பெண்ணை எதிர்பார்க்க முடியாது. சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு இரண்டு நாள் கடும்பேதி கொடுத்து உடலின் நீரை வற்றவைப்பது, இரசாயனம் என்று நீங்கள் அஞ்சும் பவுடரைவிடக் கெடுதல்.

பவானிக்கரை நண்பருக்கு: நான் மருந்தாளுநர். இந்தப் பரிசோதனைக்கு முன் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றித் தனியாகக் கேட்டாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு அவை சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. இன்சுலினாக இருந்தால் முந்தைய நாளுக்கு எவ்வளவு, அன்று காலைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல்சுவரில் ஒட்டவைக்கும். குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுவைக்காகக் கரைசலில் சர்க்கரையோ குளுக்கோஸோ கலக்க வேண்டாம். குடல் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். பாலிப்பை மின்சாரத்தால் சுட்டு எடுக்கும்போது இது விபரீதமாகலாம். பழைய மானிட்டால் கரைசல் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பவானிக்கரை:

அனைவருக்கும் நன்றி. சின்னப் பாட்டில் யோசனையைக் கைவிட்டாயிற்று. உணவு பற்றியும், இன்னொரு சிக்கல் பற்றியும் கேட்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். காலையில் மருந்தைக் குடித்துவிட்டு வழியில் அவர் என்ன செய்வார்? முந்தைய நாளே குடித்து முடிக்கச் சொன்னதே இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில்: வெள்ளுடுப்பு

அப்படித்தான் இருக்கும், தொலைவிலிருந்து வருபவர்களுக்குப் பல இடங்களில் இவ்வாறு சொல்லிவிடுகிறார்கள். பகல் 11 அல்லது 12 மணிக்கு நேரம் கேட்டு வாங்குங்கள். 12 மணி என்றால், விடியற்காலை 6 மணிக்கு இரண்டாம் பாதியைத் தொடங்கி 7 மணிக்குள் முடித்துவிடலாம். அடுத்த ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். 9 மணிக்குக் காரில் புறப்பட்டால் 11 மணிக்குச் சேர்ந்துவிடலாம். பேருந்து வேண்டாம். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்றை அணிவித்து, மாற்றுப் புடவை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அது முடியாவிட்டால் மருத்துவமனைக்கு அருகில் ஓர் இரவு தங்குவதே மேல்.

உணவைப் பொறுத்தவரை, நார்ச்சத்தும் விதையும் உள்ளதை ஒதுக்க வேண்டும். கீரை, முருங்கைக்காய், கொய்யா, தக்காளி, கம்பு, கேழ்வரகு, முழுப்பயறு, தேங்காய்ச் சட்னி வேண்டாம். வெள்ளை இட்லி, குழைந்த சோறு, தயிர், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு ஆகலாம். தாளிப்பில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: கடுகும் கறிவேப்பிலையும் குடலின் மடிப்பில் அப்படியே கிடக்கும், குழாயின் உறிஞ்சும் வழியை அடைத்துக்கொள்ளும். தயிர்ச்சோற்றைத் தாளிக்காமல் கொடுங்கள்.

மருந்து தொடங்கிய பிறகு தெளிந்த நீராகாரம் மட்டுமே. பால் கலக்காத தேநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, மெல்லிய துணியில் வடித்த ரசத்தெளிவு ஆகியவை ஆகும். ரோஸ் சர்பத், திராட்சைச் சாறு போன்ற சிவப்பு, ஊதா நிறங்கள் இரத்தமோ என்று குழப்பும். இளநீரை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் உங்கள் தாயாருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால், மருந்தோடு கலக்காமல் தனியாகக் குளுக்கோஸ் நீர் கொடுக்கலாம்.

கரைசலைக் குளிரவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம், உறிஞ்சு குழலை நாக்கின் பின்பக்கமாக வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். இடையிடையே எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். முதல் முறை போவதற்கு முன்பே ஆசனவாயைச் சுற்றி வாசலின் தடவிவிட்டால் எரிச்சல் இருக்காது.

கடைசியாக வெளியேறுவது கசடில்லாமல், சிறுநீரைப் போல மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் புறப்படும் முன்பே எண்டோஸ்கோபிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். கூடுதலாக என்ன கொடுக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள், அல்லது நேரத்தைத் தள்ளிவைப்பார்கள்.