அடியில் வெடிக்கும்போது கால்: முட்டி 90 டிகிரியா, நீட்டிய காலா?

இருக்கைக்காரன்:
கண்ணிவெடி தாங்கும் வண்டிகளில் எதிரெதிரே உட்காருபவர்கள் இடம் போதாமல் காலை நீட்டுகிறார்கள், அல்லது இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொள்கிறார்கள். வெடிப்புச் சோதனையில் ஆளுக்குப் பதிலாக உட்காரவைக்கும் டம்மி (மனித உருவ பொம்மை) மட்டும் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் உட்காருகிறது. அந்த நிலைதான் பாதுகாப்பானதா, அல்லது அளக்கத் தோதானது என்பதால் வைத்ததா?

குதிகால்:
இரண்டாவதுதான். ஒவ்வொரு சோதனையிலும் ஒரே மாதிரி அமைக்க எளிது, அவ்வளவே. வண்டியின் தளம் மேலே உதைக்கும்போது முட்டிக்குக் கீழுள்ள டிபியா எலும்பு செங்குத்தாக நின்றால், விசை முழுக்க அதன் நீளவாக்கில் ஏறும்.

கோணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். குதிகாலுக்கு மேலே, விசை வரும் நேர்கோட்டில், எவ்வளவு எடை நிற்கிறது என்பதே முக்கியம். முட்டி மடங்கியிருந்தால் அது மேலெழும்பும், தொடை இடுப்பு மூட்டில் சுழலும்; ஆகவே தளத்தை எதிர்ப்பது கீழ்க்காலும் தொடையில் ஒரு பங்கும்தான். வண்டிக் கூரையின் மேல்திறப்பில் முட்டியை விறைத்து நிற்பவருக்கு மொத்த உடம்பும் அந்தக் கோட்டில் நிற்கிறது. அடி தொடையெலும்பு வழியாக இடுப்புக்கே போகும். எதிர் இருக்கையின் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்து விறைப்பதும் ஆகாது. சற்றே மடங்கிய முட்டி இதைவிட மேல்.

தரையில் காலைச் சும்மா நீட்டினால் நீளவாக்கு விசை குறையும். ஆனால் பாதம் முழுதும் பதியாது, குதிகாலின் பின்விளிம்பு மட்டும் அடி வாங்கும். கூடவே எலும்பை வளைக்கும் விசையும் வரும். தசையால் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை: காலில் விசை உச்சத்தைத் தொடுவது சில மில்லிவினாடிகளில். வண்டி அப்போது தரையை விட்டுச் சரியாகக் கிளம்பியிருக்காது.

தரைத்தகடு:
வடிவமைப்பில் இதற்கு விடை கோணம் அல்ல, கால்தாங்கி. அதைத் தளத்தில் பொருத்தினால் பயனில்லை. இருக்கைச் சட்டத்திலோ பக்கச்சுவரிலோ தொங்க வேண்டும். அடியில் எவ்வளவு இடைவெளி? இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. சோதனை முடிந்தபின் வண்டியின் தளத்தகட்டில் மிஞ்சும் வீக்கத்தை அளந்து இடைவெளி வைக்கிறார்கள். வெடிக்கும் கணத்தில் தகடு அதைவிட அதிகம் எழும்பி, பிறகு ஓரளவு திரும்புகிறது. அந்த உச்ச எழுச்சியைத்தான் எடுக்க வேண்டும். கால்தாங்கி இருக்கையோடு சேர்ந்து இறங்குவதானால் இருக்கை அமுங்கும் தூரத்தையும் கூட்டுங்கள்.

காலை மடக்கி உள்ளே வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத நிலை. அதிர்ச்சி உறிஞ்சும் இருக்கை கீழே இறங்கும்போது அதன் முன்விளிம்பு கீழ்க்காலைப் பிடித்துக்கொள்ளும். விளிம்புக்கு அடியில் துணியோ தகடோ வைத்து மறித்துவிடுங்கள்.

அதிர்ச்சி உறிஞ்சும் நுரைத் தரைவிரிப்பு உதவும். ஆனால் நசுங்கி முடிந்துவிட்டால் விசை திடீரென ஏறும். குளிரில் நுரை இறுகிவிடும் என்பதையும் பாருங்கள். பாதத்துக்கு அடியில் தோட்டாப்பெட்டி வைத்தால் விரிப்பு போட்டதே வீண்.

இருக்கைக்காரன்:
டம்மியின் கீழ்க்காலில் நீளவாக்கு விசைக்கு வரம்பு 5.4 கிலோநியூட்டனா, 2.6 ஆ? இரண்டும் பார்க்கிறேன்.

குதிகால்:
டம்மியில் பொருத்தும் கால் வேறு, அளக்கும் இடமும் வேறு. 5.4 என்பது ஹைப்ரிட் 3 என்ற டம்மி வகையின் காலில், கீழ் லோடு செல்லுக்கு (விசையை அளக்கும் உணரி). 2.6 என்பது மில்-எல்எக்ஸ் என்ற இன்னொரு வகை டம்மிக் காலின் மேல் லோடு செல்லுக்கு. மில்-எல்எக்ஸின் தண்டில் அமுங்கும் பகுதி இருப்பதால் மனிதக் காலை ஒத்து நடக்கும். ஹைப்ரிட் 3 கால் விறைப்பானது. அதோடு அதன் தண்டு முட்டியையும் கணுக்காலையும் சேர்க்கும் கோட்டிலிருந்து விலகியிருப்பதால் பொய்யான வளைவுவிசையும் காட்டும். நீட்டிய காலை ஒப்பிட அதன் வளைவு அளவை நம்பாதீர்கள்.

தரைத்தகடு:
அளவுப்பதிவை முதல் உதையோடு நிறுத்திவிடவும் வேண்டாம். வண்டி எழும்பும்போது கால்கள் கால்தாங்கியை விட்டு அலைபாயும். திரும்ப விழும்போது பாதம் திரும்பியபடி இறங்கலாம். கால்தாங்கியில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வையுங்கள்.