ஆதாரத்தைக் காட்டியும் நம்பாத ஆளைச் சந்தித்ததுண்டா?

அக்கரைப்பற்றான்:
அம்பாறை நகரத்துச் சாப்பாட்டுக்கடைப் பிரச்சினை எல்லாருக்கும் தெரியும். 2018 பெப்ரவரி 26 இரவு, கறியில் ஆளை மலடாக்கும் மாத்திரை போட்டதாகக் கதை கட்டி, ஒரு சிங்களக் கும்பல் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் உடைத்தது. கடைக்காரர் அதை ஒத்துக்கொள்வதுபோல ஒரு வீடியோவும் வட்ஸ்அப்பில் பரவியது. கறியில் இருந்தது வெறும் மாப்பொருள்தான் என்று அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. அந்தச் செய்தியை என் விஞ்ஞான சேரிடம் காட்டினேன். ஆறுதலாக வாசித்தார், அதிலிருந்த எழுத்துப்பிழையைக்கூடச் சுட்டிக்காட்டினார். அப்புறம் போனைத் திருப்பித் தந்து, "இப்படித்தான் எழுதுவாங்கள் தம்பி. நெருப்பில்லாமப் புகையுமா?" என்றார். மாப்பொருளில் அயடீன் விட்டால் கருநீலமாகும் என்று எங்களுக்குச் செய்து காட்டியவரே அவர்தான். இன்னும் மனசு ஆறவில்லை.

வந்தாறுமூலைப் பிள்ளை:
சேரில் மட்டும் பிழை சொல்லாதீங்க. 1990 செப்டம்பர் 5 இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. ஆணைக்குழு வந்தது, சனம் சாட்சி சொன்னது, ஆட்கள் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மாமி, கிராம சேவகர் தரும் கடிதத்தைக்கூட வேறு வேறு ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்துத்தான் கையெழுத்து வைப்பா. ஒருதடவை நானே வாசித்தேன். "நீ சரியாத்தான் வாசிச்சாய் பிள்ளை, எழுதினவன் சரியா எழுதினானோ?" என்று கேட்டா. இவர்களையெல்லாம் முட்டாள் என்று நினைக்காதீங்க.

அக்கரைப்பற்றான்:
முட்டாள் என்று நான் எழுதவே இல்லை அக்கா. மாமி எழுதினவன் யார் என்று கேட்கிறா. சேர் அந்த வட்ஸ்அப் வீடியோவை அனுப்பினவன் யார் என்று கேட்கவில்லை! அரசாங்கத்தை நம்பாதவர் பேர் தெரியாதவனை மட்டும் எப்படி நம்பலாம்?

மருதமுனை வாசகன்:
கல்முனை பஸ்ஸில் ஒருவர் அதே வீடியோவை எனக்குக் காட்டி, "கடையில கவனமாச் சாப்பிடுங்க அண்ணன்" என்றார். பேர் கேட்டார். சொன்னதும் போனை மடியில் கவிழ்த்துவிட்டார். இறங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி, நீங்கள் அறிக்கையோடு போனது சரிவராது. திரும்பவும் போங்க, தனியாகப் போங்க, நாலுபேர் முன்னால் தோற்க யாருக்கும் மனம் வராது. அவருக்கு என்ன பயம் என்று முதலில் கேளுங்க. ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. அதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் மருந்தெடுக்கும் டொக்டர் சொல்லட்டும். பிறகு வீடியோவைச் சத்தத்தோடு போடுங்க. சிங்களம் சரியாக விளங்காத அந்தக் கடைக்கார மனிசனைக் கூட்டம் சூழ்ந்து மிரட்டுகிறது. அவர் பயத்தில் 'ஓம்' போடுகிறார். அந்தப் பதிலுக்கு என்ன பெறுமதி என்று சேரையே கேளுங்க. நோன்பு முடிந்து போவதென்றால் நானும் வாறேன்.