மிளகு இறக்குமதி வரி பூஜ்யமாகிவிட்டதா? ஆசியான் ஒப்பந்தக் கணக்கில் உதவி வேண்டும்

குமுளி மிளகுக்கொடி:
வணக்கம். குமுளிக்கு மேலே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். போன வாரம் இரண்டு மூட்டை மிளகைப் போடிக்குக் கொண்டுபோனேன். மலைச்சரக்குக் கடைக்காரர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். பதர் பறக்கவில்லை. லிட்டர் எடையிலும், அதாவது ஒரு லிட்டர் அளவு மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பதிலும், குறை சொல்லவில்லை. ஆனாலும் விலையைக் குறைத்தார். கேட்டால், “ஆசியான் ஒப்பந்தத்தில் வியட்நாம் மிளகுக்கு வரி பூஜ்யமாகி வருடக்கணக்காகிறது, இனி இந்த விலைதான்” என்கிறார்.

ஆசியான் என்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு இந்தியா செய்த ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொடக்க வரி 70 சதவீதம், குறைப்பு 2010 முதல் பத்து ஆண்டு. ஆண்டுக்கு ஏழு ஏழாகக் கழித்தால் 2019 முடிவில் பூஜ்யம் வருகிறது. ஆனால் என் மகள் ஏதோ அட்டவணையில் 50 என்று பார்த்தாளாம். எது சரி?

தூத்துக்குடி கிளியரிங்:
அண்ணன், மகள் பார்த்ததுதான் சரி. வரி பூஜ்யத்தில் போய் முடியும் என்று நீங்களாக வைத்துக்கொண்டீர்கள், பிழை அங்கேதான்.

2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இது. வியட்நாமுக்கு அதே ஆண்டு ஜூன் 1 முதல். ஒப்பந்தம் ஒன்றானாலும் எல்லாச் சரக்கும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. இந்தியத் தரப்பில் ஒரு பட்டியலுக்கு 2013 கடைசியில் வரி முழுவதும் போனது, இன்னொன்றுக்கு 2016 கடைசியில். உள்நாட்டு உற்பத்தியைப் பாதிக்கலாம் என்று ‘உணர்வுப் பட்டியலில்’ வைத்தவற்றுக்குப் பெரும்பாலும் 5 சதவீதத்தோடு நின்றது. இவற்றுக்கு அப்பால் ‘சிறப்புப் பொருட்கள்’ என்று ஐந்தைத் தனியே வைத்தார்கள்: கச்சா பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காபி, கறுப்புத் தேயிலை, மிளகு. காபியும் தேயிலையும் 100இலிருந்து 45க்கு. மிளகு 70இலிருந்து 50க்கு, 2019 டிசம்பர் 31க்குள். பத்து ஆண்டில் 20 புள்ளி என்றால் ஆண்டுக்கு ஏழு அல்ல, இரண்டு. 50க்குக் கீழே படியே கிடையாது.

அந்த 50கூடத் தானாகக் கிடைக்காது. வியட்நாமில் விளைந்தது என்பதற்கு ‘ஏஐ’ படிவத்தில் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் பொது விகிதமான 70தான்.

குலசேகரம் பால்வெட்டு:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ரப்பர் எந்தப் பட்டியல்?

தூத்துக்குடி கிளியரிங்:
இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது ஐயா. இந்த ஒப்பந்தத்தால் அதற்கு வரி குறையவில்லை. 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது.

குமுளி மிளகுக்கொடி:
மனம் கொஞ்சம் ஆறியது, தம்பி. ஆனால் வெளிநாட்டு மிளகு மலிவாக வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எந்த வழியாக?

வண்டன்மேடு சரக்குக்காரி:
அண்ணாச்சி, ஆசியானை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இலங்கையோடு நமக்கு வேறொரு ஒப்பந்தம் இருக்கிறது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகையே இலங்கைச் சான்றிதழோடு கொண்டுவருகிறார்கள் என்ற புகார் நம் பக்கத்து விவசாயிகளிடம் வெகுநாளாக உண்டு.

2018 மார்ச்சில் மத்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் மிளகு இறக்குமதி செய்யத் தடை போட்டது. இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். 500 ரூபாய் மதிப்புள்ள வியட்நாம் மிளகு, 50 சதவீத அடிப்படை வரியோடு கரையேறும்போது 750 ஆகிவிடும். அதே மதிப்புள்ள இலங்கை மிளகு அந்த அளவுக்குள் வந்தால் 500தான். உங்கள் கடைக்காரர் குறைத்த விலைக்கு வியட்நாம் வரியைக் காரணம் காட்டியது நியாயமே இல்லை. ஏற்றுமதிக்காக இறக்கிப் பதப்படுத்தித் திருப்பி அனுப்பும் சரக்குக்குத் தீர்வை விலக்கு உண்டு. ஆனால் அது போடிச் சந்தையில் விற்பதற்கானதல்ல.

2009 அக்டோபர் 2 அன்று இந்த ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேரளம் முழுக்க மனிதச் சங்கிலி நடந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைய பயம் பொய்யில்லை. இருபது புள்ளி இறங்கியதும் இழப்புதான். அதற்காக இல்லாத பூஜ்யத்தைச் சொல்லி விவசாயி வயிற்றில் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குமுளி மிளகுக்கொடி:
இருவருக்கும் நன்றி. அட்டவணையில் 0904 என்ற சுங்கக் குறியீட்டைத் தேடினால் மிளகாயும் சேர்ந்து வருகிறது. எந்த வரிசையைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும்?

தூத்துக்குடி கிளியரிங்:
முழு மிளகுக்கு 0904 11, பொடித்ததற்கு 0904 12. உங்களுக்கு வேண்டியது முதல் வரிசை. வலது கோடியில் 50 இருக்கும்.

குமுளி மிளகுக்கொடி:
கிடைத்துவிட்டது. மகள் அச்செடுத்துவிட்டாள். முற்றத்துப் பாயில் இன்னும் ஒரு மூட்டை காய்கிறது. வியாழக்கிழமை இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகிறேன்.