டிவிடியை அப்படியே ரிப் செய்வதா (கணினிக்கு எடுப்பதா), மறுபடி என்கோட் செய்வதா (வேறு முறையில் சுருக்கி மாற்றுவதா)?

கேள்வி:
வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கேமராவில் பதிவான குடும்ப வீடியோக்கள் 12 டிவிடிகளில் உள்ளன. தரம் கூடும் என்று நம்பி, முதல் வட்டை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 1080 அளவுக்குப் பெரிதாக்கி, எச்.264 என்ற சுருக்க முறையில், ஆர்எஃப் (தர அளவு; எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்) 14 வைத்து மாற்றினேன். 4.2 ஜிபி இருந்த வட்டு 6 ஜிபி கோப்பாக வந்ததே தவிர, படம் தெளியவில்லை. என் மகள் கேமராவை நோக்கி ஓடிவரும் காட்சியில் அவள் கையின் ஓரம் சீப்புப் பல்லைப் போலக் கீறல் கீறலாகத் தெரிகிறது. வட்டை நேரடியாக டிவியில் ஓட்டினால் அந்தக் கீறல் இல்லை. எங்கே தவறினேன்?

பதில் 1:
தவறு இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது. டிவிடியில் இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட, 720×576 புள்ளிகள் கொண்ட படம் (என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை வட்டானால் 720×480). அந்தச் சுருக்கத்தில் கழிக்கப்பட்ட நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது என்பதால், நீங்கள் கூட்டிய 1.8 ஜிபியில் பெரும்பகுதி பழைய வட்டின் இரைச்சலைப் பத்திரப்படுத்தவே செலவாகியிருக்கும்.

கீறலுக்குக் காரணம் இன்டர்லேஸ். பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள் (தனிப் படங்கள்). ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் நொடியில் 50-இல் ஒரு பங்கு தள்ளிய அடுத்த கணத்தையும் காட்டுகின்றன. அதற்குள் உங்கள் மகளின் கை நகர்ந்துவிட்டது. டிவி இதைத் தானே சரிசெய்து காட்டுகிறது. நீங்களோ டிஇன்டர்லேஸ் செய்யாமல் (அந்த இரு கணங்களைப் பிரிக்காமல்) பெரிதாக்கியதால் இரு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்தக் கோப்பைத் திருத்த முயல வேண்டாம், அழித்துவிடுங்கள்.

மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு வட்டை எம்கேவி கோப்பாக எடுங்கள். படமும் ஒலியும் ஒரு பிட்கூட மாறாமல் வேறு உறைக்குள் போகும், அவ்வளவுதான். வட்டைப் படிக்கும் நேரம் மட்டுமே ஆகும்.

பதில் 2:
ஒரு சிறு எச்சரிக்கை. வட்டின் வீடியோ_டிஎஸ் கோப்புறையில் படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகளை மட்டும் நகலெடுத்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். ஒரே பதிவுதான் ஏறத்தாழ ஒவ்வொரு ஜிபிக்கும் துண்டாக்கப்பட்டிருக்கிறது; எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற விவரம் ஐஎஃப்ஓ கோப்புகளில் இருக்கிறது. நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல், பேச்சின் நடுவே காட்சி அறுந்து நிற்கும் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 11 வட்டுகள் எம்கேவியாகிவிட்டன. ஒரு வட்டு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. மேலும், உறவினர்களின் கைபேசிக்கு அனுப்பச் சிறிய கோப்புகள் வேண்டும். அதற்கு எந்த அமைப்பு சரி?

பதில் 1:
மறு என்கோடுக்கு உரிய இடம் அதுதான். எம்கேவியை மூலமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆர்எஃப் 18 முதல் 20 வரை, அளவைப் பெரிதாக்காமல் மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கின் டிஇன்டர்லேஸ் பகுதியில் பிவ்டிஃப் என்ற வடிகட்டி, அதில் பாப் (ஒவ்வொரு கணத்தையும் தனி ஃபிரேமாக்கும் தேர்வு) தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 50 ஃபிரேம்கள் கிடைத்து, ஓட்டம் டிவியில் பார்த்ததுபோலவே வழுக்கிச் செல்லும். முழு வட்டையும் மாற்றுவதற்கு முன், உங்கள் மகள் ஓடிவரும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதைவிடக் கடினமான சோதனை உங்களிடம் இருக்காது.

நின்றுபோகும் வட்டை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மென்துணியால் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகும் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட வட்டை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடப்பதுதான். டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தினால், முதல் டிரைவ் விட்ட பகுதிகளை மட்டும் இரண்டாவதில் தொடர்ந்து படிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ஆர்எஃப் 19-இல் அந்த ஒரு நிமிடம் கீறலின்றி வந்துவிட்டது. கையின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. மீதமுள்ள வட்டுக்காக நண்பரிடம் வேறு டிரைவ் கேட்டிருக்கிறேன்.