கான்டஸாவின் பாடி முறுக்குகிறது: ரோல் கேஜ் போடலாமா, அடியில் கனெக்டர் போதுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். என்னிடம் இசூசு 1.8 பெட்ரோல் எஞ்சின் வைத்த பழைய கான்டஸா கார் இருக்கிறது, பாலக்காடு பதிவு. வீட்டு வாசல் சரிவில் கோணலாக ஏற்றினால், அதாவது ஒரு முன்சக்கரம் மட்டும் மேலே நிற்கும்போது, இடது பின்கதவு கிரீச்சிடுகிறது. அப்படியே கதவைத் திறந்தால் திரும்ப மூட இடித்துத் தள்ள வேண்டும். சமதரைக்கு வந்ததும் சரியாகிவிடும். புதிதாக மாட்டிய முன்கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது, கல் எதுவும் படவில்லை. நெல்லியாம்பதி வளைவுகளில் ஸ்டியரிங் திருப்பிய பிறகு வண்டி ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புகிறது. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் எல்லாம் மாற்றியாயிற்று.

சித்தூர்ப் பக்கம் ஒரு பட்டறைச் சேட்டன், உள்ளே ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) முழு ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் அடியில் முன் மெம்பரையும் பின் மெம்பரையும் (அடிச்சட்டங்கள்) ஸ்கொயர் பைப்பால் இணைத்தால், அதாவது கனெக்டர் வைத்தால், போதும் என்கிறார். செட்டிபாளையம் காரி பந்தய டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு. எதைச் செய்யலாம்?

போத்தனூர் டிங்கர்:
தம்பி, இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கான்டஸாவுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அதன் முறுக்கைத் தாங்குவதில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நெடுக ஓடும் சில்லுக்கு. அது நாலு பக்கமும் மூடிய பெட்டியாக இருக்கும்வரைதான் பலம். 50க்கு 50, 3 மில்லி ஸ்கொயர் பைப் ஒன்றை நெடுக ஒரே ஒரு கோடு அறுத்துவிட்டால், கையால் தூக்கிப் பார்த்தால் எடை அப்படியேதான் இருக்கும். முறுக்கைத் தாங்கும் திறனோ நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சில்லின் அடித்தையலைத் துரு தின்றாலும் இதே கதைதான். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே பெட்டி திறந்து கிடக்கும்.

அதனால் முதலில் ஒரு சோதனை. சமதரையில் நிறுத்தி, நான்கு கதவு இடைவெளிகளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி மறுபடி அளவு எடுங்கள். இடது பக்கம் மட்டும் இடைவெளி மாறினால் துருவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறினால் பாடியின் விறைப்பே அவ்வளவுதான் என்று அர்த்தம், அப்போது கனெக்டர் பேச்சு. ஜாக்கி வைக்கிற இடத்தையும், பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடிகிற இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கூச்சப்படாமல் குத்துங்கள்.

வாளையார் பழைய வண்டி:
ஜி.ஐ. பைப் என்று சொன்ன பட்டறைக்குப் போகவே வேண்டாம். அது தண்ணீர்க் குழாய். வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை வரும், இணைப்பும் நம்பும்படி இருக்காது. போட்டிக்கான எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதியில் கேஜின் முக்கிய வளைவான மெயின் ரோல்பாருக்குத் தையலில்லாத குளிர் இழுவைக் குழாய்தான், விட்டம் 45க்குத் தடிமன் 2.5 மில்லி அல்லது 50க்கு 2 மில்லி. அதன் கால் உட்காரும் இடத்தில் 3 மில்லி தகடு, 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல்.

இன்னொன்று. ஹெல்மெட் போடாமல் ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்குள் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. சின்ன மோதலில்கூடத் தலை அதில் போய் அடிக்கும். கேஜ் உயிர் காப்பதற்கு. விறைப்பு கூடுவது உபரி லாபம். போல்ட் போட்டு மாட்டுகிற கேஜில் அந்த லாபமும் குறைவு. தூண்களோடு வெல்டு செய்து, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம்வரை கொண்டுபோனால்தான் வித்தியாசம் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கறாராகப் படித்தது: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளப் பதிவு என்கிறீர்கள், ரோடு வண்டியில் கேஜ் ஏற்றினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டுவீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. வலது பக்கம் இடைவெளி அசையவில்லை. இடது பின்கதவில் மேலே 3 மில்லி குறைந்தது. ஜாக்கி பாயின்ட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை உள்ளே போனது, தரைவிரிப்பை எடுத்தால் ஓரத்தில் ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. கனெக்டரை அந்தத் தகட்டின் மேலேயே வெல்டு வைத்துவிடலாமா?

போத்தனூர் டிங்கர்:
கூடாது. துருத்தகட்டில் வெல்டு வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். பளபளப்பான இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, உள்சில், வெளிச்சில் இரண்டையும் புதுத்தகட்டில் அடைத்துப் பெட்டியை மூடுங்கள். வெட்டும் முன் கதவு வாசலுக்குள் குறுக்கே ஒரு தற்காலிக ஆங்கிள் வைத்துப் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் கதவு அப்புறம் பொருந்தாது. வேலை முழுக்க வண்டி தன் சக்கரத்தின் மேல் எடையோடு நிற்கட்டும். இரண்டு தூண் லிஃப்டில் முன்னும் பின்னும் தொங்கும், அந்த வளைவோடுதான் வெல்டு பிடிக்கும்.

சில் முடிந்ததும் அதே ஜாக்கி சோதனை. திருப்தியாக இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். டிராக் ஆசை தீராவிட்டால் கனெக்டர்: 50க்கு 50, 2 மில்லி, மீட்டருக்கு 3 கிலோதான். இரண்டு முனையை மட்டும் பிடித்தால் வளைவதைத் தடுக்கும், முறுக்குக்கு அவ்வளவாக உதவாது. நெடுகத் தரையோடு விட்டுவிட்டு இரண்டு இன்ச், மூன்று இன்ச் தையலாக வைக்க வேண்டும், நடுவில் குறுக்குச் சட்டமும் வேண்டும். சிஓடூ வெல்டிங், 0.8 கம்பி, ஒரே இடத்தில் நீளமாக ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றி.

வாளையார் பழைய வண்டி:
வெல்டருக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கையும் லைனையும் இறக்கி வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள், தரைவிரிப்பை முழுக்க எடுங்கள். முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு எண்ணெய் அடித்து, அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பாருங்கள். கண்ணாடியை வேலைக்குப் பிறகு மாற்றுங்கள், முன்னால் மாற்றினால் அதுவும் விரியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி. சில் மட்டும் முதலில் செய்கிறேன், கேஜ் வேண்டாம். கோவையில் கான்டஸா சில் தகடு ஆயத்தமாகக் கிடைக்குமா, மடிக்கத்தான் வேண்டுமா?

போத்தனூர் டிங்கர்:
மடித்துவிடலாம். 1.2 மில்லி சி.ஆர். ஷீட் (குளிர் உருட்டிய இரும்புத் தகடு) வாங்கிக்கொள்ளுங்கள், வலது பக்கச் சில்லை அச்சாக வைத்து அட்டையில் வெட்டி எடுத்து வாருங்கள். இடது வலது திருப்பிப் போட மறக்காதீர்கள்.