எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வலி மட்டும் அப்படியே

நான்: டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாச்சு. ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார், உடம்பு முழுக்க நீடித்த வலி தரும் நோயாம். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. அதைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது.

அம்மா: ஒன்றுமில்லை என்றால் நல்லதுதானே கண்ணு?

நான்: இல்லைம்மா. தோள், முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் வலிக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் காலையில் தூங்காதவள் மாதிரிதான் எழுந்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோகிறது.

சித்தப்பா: எதுவும் பிடிபடவில்லை, அதனால் ஒரு பேரை வைத்துவிட்டார்கள். வேறு டாக்டரைப் பாரும்மா.

தம்பி: எதை வைத்து அப்படிச் சொன்னார் அக்கா?

நான்: உடம்பில் 19 இடங்கள் போட்ட ஒரு தாள் கொடுத்தார். போன வாரத்தில் எங்கெங்கே வலித்தது என்று குறிக்கச் சொன்னார். அப்புறம் களைப்பு, தூக்கம், மறதி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 3 மாதமாக இப்படியே இருக்கிறதா என்றும் கேட்டார். அவ்வளவுதான்.

அத்தை: அது சரியான முறைதான்மா. நான் நர்ஸாக இருந்தபோது 1990இல் வந்த விதிதான் நடப்பில் இருந்தது. 18 இடங்களில் விரலால் அழுத்துவார்கள், 11 இடத்திலாவது வலிக்க வேண்டும். 2010இல் அதை விட்டுவிட்டு இந்த மதிப்பெண் முறை வந்தது. 2016இல் மறுபடி திருத்தினார்கள். உடம்பை 5 பகுதியாகப் பிரித்து, 4 பகுதியிலாவது வலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சித்தப்பா: இத்தனை தடவை மாற்றுகிறார்கள் என்றால் அவர்களுக்கே நிச்சயமில்லை என்றுதானே அக்கா அர்த்தம்?

அத்தை: உன் சந்தேகம் நியாயம்தான் தம்பி. ஆனால் ஒற்றைத் தலைவலிக்கு மட்டும் எந்த ரத்தப் பரிசோதனை இருக்கிறது? நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் அதையும் முடிவு செய்கிறார்கள். 2002இல் ஒரு ஆய்வு வந்தது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கட்டைவிரல் நகத்தில் ஒரே அளவு அழுத்தம் கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சின்ன அழுத்தமே வலியாக இருந்தது, மூளையில் வலி சார்ந்த இடங்களும் அவர்களுக்குத்தான் அதிகம் வேலை செய்தன. வலியை உணர்த்தும் அமைப்பே சத்தம் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. இவள் கற்பனை செய்யவில்லை.

நான்: இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன் அத்தை.

அத்தை: ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. தைராய்டு, ரத்தசோகை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் பார்த்தார்களா? தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று விசாரித்தார்களா?

நான்: ரத்தத்தில் நீங்கள் சொன்னதெல்லாம் பார்த்தாச்சு. தூக்கம் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. நான் குறட்டை விடுவதாக இவர் சொல்வார்.

அத்தை: அதை அடுத்த தடவை மறக்காமல் சொல். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே போய்க் காட்டு. அதெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியாவின் அடையாளம் இல்லை. இந்தப் பேர் வந்துவிட்டது என்பதற்காக வேறு நோயே வராது என்று இருந்துவிடக் கூடாது.

சித்தப்பா: என் நண்பர் ஒரு பொடி சாப்பிட்டார். சில நாளிலேயே வலி போய்விட்டதாம். வேறு மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம். வாங்கி அனுப்பட்டுமா?

தம்பி: அதில் என்னென்ன இருக்கிறது என்று போட்டிருக்கிறதா சித்தப்பா?

சித்தப்பா: இல்லைப்பா. அது அவர்கள் குடும்ப ரகசியமாம்.

அத்தை: அப்படியென்றால் வேண்டவே வேண்டாம் தம்பி. சில நாளில் வலி மாயமாகப் போனால் எனக்கு முதலில் ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம் வரும். வலிக்கு விற்கும் பொடிகளில் அதைக் கலந்து பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். ரொம்ப நாள் சாப்பிட்டுத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. ஈயம், பாதரசம் இருந்த பொடிகளும் உண்டு.

சித்தப்பா: ஸ்டீராய்டா! அவரிடமும் இதைச் சொல்ல வேண்டுமே.

அத்தை: கட்டாயம் சொல். ஆனால் தானாக நிறுத்தச் சொல்லாதே. பொடியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகட்டும்.

நான்: எனக்கு டுலாக்ஸெடின் எழுதியிருக்கிறார். மனச்சோர்வுக்கான மாத்திரை என்று போட்டிருக்கிறது. அதனால் இன்னும் தொடவில்லை.

அத்தை: வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகளுக்கும் அது வேலை செய்யும்மா. அமெரிக்காவில் 2007இல் பிரீகாபலின் என்ற இன்னொரு மருந்தையும் 2008இல் டுலாக்ஸெடினையும் இந்த நோய்க்கென்றே அனுமதித்தார்கள். எல்லோருக்கும் கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் குமட்டலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று விடக் கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு மூலிகை மாத்திரை விற்கிறார்கள், அதை இதோடு சேர்க்கவே கூடாது.

தம்பி: அப்போது மாத்திரை தவிர வேறு எதுவுமே கிடையாதா அத்தை?

அத்தை: யார் சொன்னது? ஐரோப்பிய வாதநோய் அமைப்பு எல்லா சிகிச்சையையும் அலசிப் பார்த்து, உறுதியாகச் செய்யுங்கள் என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். அது உடற்பயிற்சி. யோகா, தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, அக்குபஞ்சர், வெதுவெதுப்பான தண்ணீரில் செய்யும் பயிற்சி இதெல்லாம் முயன்று பார்க்கலாம் என்ற அளவில் வருகிறது.

நான்: கொஞ்சம் நடந்தாலே மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை அத்தை.

அத்தை: தெம்பாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய், அடுத்த நாள் சுருண்டுவிடுகிறாய். 5 நிமிடம் நட, போதும். நன்றாக இருக்கிற நாளிலும் அதே 5 நிமிடம்தான். உடம்பு பழகின பிறகு கூட்டலாம்.

அம்மா: வீட்டு வேலையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லு கண்ணு. நீயே செய்யாதே.

சித்தப்பா: சரிம்மா, பொடி வேண்டாம். யோகா சொல்லித் தருகிற ஒருவரைத் தெரியும். கேட்கட்டுமா?

நான்: கேளுங்கள் சித்தப்பா. எனக்கு எந்த அளவுக்கு வலி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடம்பை வளைத்துப் பிடித்து அழுத்துகிறவராக இருந்தால் வேண்டாம்.

தம்பி: அடுத்த தடவை டாக்டரிடம் நானும் வருகிறேன் அக்கா. குறட்டை, மாத்திரை, பயிற்சி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள். நீ மறந்தால் நான் கேட்கிறேன்.