ஜாவா வெயிட்/நோட்டிஃபை: 8 த்ரெட்டும் ஒண்ணா தூங்குது, ஜேஸ்டாக்ல டெட்லாக் காட்டல

நள்ளிரவு பில்ட்:
ஜாவா 17. சொந்தமா எழுதின பவுண்டட் க்யூ (அளவு வரம்புள்ள வரிசை), கொள்ளளவு 2. 3 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி வேலை ஓட்டம்) போடுது, 5 த்ரெட் எடுக்குது. போடுற மெத்தட், எடுக்கிற மெத்தட் ரெண்டும் சின்க்ரனைஸ்டு (லாக் வாங்கின ஒரு த்ரெட்தான் ஒரு நேரத்துல உள்ள இருக்கும்). நிறைஞ்சிருந்தா போடுறது வெயிட், காலியா இருந்தா எடுக்கிறது வெயிட். வேலை முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் நோட்டிஃபை. இஃப் இல்ல, வைல் லூப்லதான் செக் பண்றேன்.

கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு அப்படியே நின்னுடுது. எக்செப்ஷன் இல்ல, சிபியு 0%. ஜேஸ்டாக் (எந்த த்ரெட் எங்க நிக்குதுன்னு காட்டுற ஜாவா டூல்) எடுத்தா 8 த்ரெட்டும் "வெயிட்டிங் (ஆன் ஆப்ஜெக்ட் மானிட்டர்)". டெட்லாக்னு (ஒண்ணு கையில இருக்கிற லாக்குக்கு இன்னொண்ணு மாறி மாறிக் காத்திருக்கிறது) ஒரு வரிகூட இல்ல. கொள்ளளவை 10 ஆக்கினா பிரச்சினையே வரல. சைஸ்தான் காரணமா?

கோர் டம்ப்:
சைஸ் காரணம் இல்ல, அது பிரச்சினையை மறைக்குது, அவ்வளவுதான். காரணம் நோட்டிஃபை.

ஒரே ஆப்ஜெக்ட்டோட வெயிட் செட்ல ரெண்டு ரகம் தூங்குது: இடம் காலியாகணும்னு காத்திருக்கிறது ஒண்ணு, சரக்கு வரணும்னு காத்திருக்கிறது இன்னொண்ணு. நோட்டிஃபை யாரையாவது ஒருத்தரை மட்டும் எழுப்பும். தப்பான ஆள் எழுந்தா வைல்ல செக் பண்ணிட்டுத் திரும்பத் தூங்கிடும். இருந்த ஒரே சிக்னலும் அதோட வீண்.

கொள்ளளவு 1-னு வெச்சுப் பாருங்க. போடுறது ப, எடுக்கிறது எ1, எ2. க்யூ காலி, அதனால எ1, எ2 ரெண்டும் வெயிட். ப ஒண்ணு போட்டு நோட்டிஃபை பண்ணுது, எ1 எழுந்துக்குது. ஆனா எ1 லாக்கைத் திரும்ப வாங்குறதுக்குள்ள ப-வே மறுபடி உள்ள வந்து, நிறைஞ்சிருக்கேன்னு வெயிட் போயிடுது. இப்ப வெயிட் செட்ல இருக்கிறது எ2, ப. எ1 சரக்கை எடுத்துட்டு நோட்டிஃபை பண்ணுது. எழுந்தது எ2! க்யூ காலி, அதனால எ2 திரும்ப வெயிட். அடுத்ததை எடுக்க வந்த எ1-ம் வெயிட். இடம் காலியா கிடக்கு, ப-வுக்கு அதைச் சொல்ல ஒருத்தரும் முழிச்சிருக்கல.

எ2 ப-வுக்கு முன்னாடியே தூங்கினதைக் கவனிங்க. முதல்ல தூங்கினதை முதல்ல எழுப்பினாலும் இதேதான் நடக்கும். எந்த வரிசையில எழுப்பணும்னு ஸ்பெக் எதுவும் சொல்லல, அது வேற.

10-ல ஏன் வரல? கொள்ளளவோட இரண்டு மடங்கு மொத்த த்ரெட் எண்ணிக்கைக்குக் குறையாம இருந்தா இந்த நிலை உருவாகாது. 8 த்ரெட்டுக்கு 4 இருந்தாலே போதும். நாளைக்கு யாராவது த்ரெட்டை 24 ஆக்கினா 10-லயும் நிக்கலாம்.

ஜேஸ்டாக் டெட்லாக்னு சொல்றது லாக் சுழற்சி இருந்தா மட்டும். வெயிட் போற த்ரெட் லாக்கை விட்டுட்டுத்தான் தூங்குது. யார் கையிலயும் லாக் இல்லாதப்ப சுழற்சி எங்கேர்ந்து வரும்? ஜேஸ்டாக் குடுக்கிற டம்ப்ல "பிளாக்டு"ன்னா லாக்குக்காக நிக்குது, "வெயிட்டிங்"னா யாராவது வந்து எழுப்பணும்னு கிடக்குது. எல்லாமே ரெண்டாவது ரகமா இருந்தா, தொலைஞ்ச சிக்னலைத் தேடுங்க.

இப்பவே சரியாகணும்னா நோட்டிஃபைக்குப் பதிலா நோட்டிஃபை-ஆல் போடுங்க. தேவையில்லாததும் எழுந்து லாக்குக்கு அடிச்சுக்கும், ஆனா நிக்காது.

செமிகோலன்:
வெயிட்டுக்கு 1000 மில்லிசெகண்ட் டைம்அவுட் குடுத்தாலே ஓடிடுமே?

கோர் டம்ப்:
ஓடும். ஹேங் போய், அப்பப்ப காரணம் தெரியாத 1 செகண்ட் தாமதமா மாறும். ஹேங்காவது டம்ப்ல மாட்டும், இது மாட்டாது.

நள்ளிரவு பில்ட்:
நோட்டிஃபை-ஆல் போட்டதும் நிக்கல. நன்றி. இப்ப சின்க்ரனைஸ்டுக்குப் பதிலா ரீஎன்ட்ரன்ட்லாக் (தனி லாக் ஆப்ஜெக்ட்), அதுல இடத்துக்கு ஒரு கண்டிஷன் (தனி வெயிட் செட் மாதிரி), சரக்குக்கு ஒரு கண்டிஷன்னு மாத்தினேன். லாக் கையில இருக்கும்போதே "இல்லீகல் மானிட்டர் ஸ்டேட்" எக்செப்ஷன் வருது.

செமிகோலன்:
கண்டிஷன் மேல நோட்டிஃபை கூப்பிட்டிருப்பீங்க. கண்டிஷனும் ஒரு ஆப்ஜெக்ட்ங்கிறதால கம்பைலர் விட்டுடும், ரன் பண்ணும்போதுதான் வெடிக்கும். வெயிட், நோட்டிஃபைக்குப் பதிலா அவெய்ட், சிக்னல்தான் கூப்பிடணும். அன்லாக்குக்கு அப்புறம் சிக்னல் போட்டாலும் இதே எக்செப்ஷன்தான், அதனால சிக்னல் முன்னாடி, அன்லாக் ஃபைனலி பிளாக்ல. அவெய்ட்டைச் சுத்தி வைல் அப்படியே இருக்கட்டும், காரணமே இல்லாம எழுந்துக்கிறது இங்கயும் உண்டு.

போட்டவர் சரக்குக் கண்டிஷனுக்கு சிக்னல், எடுத்தவர் இடக் கண்டிஷனுக்கு சிக்னல். ஒரு கண்டிஷன்ல ஒரே ரகம்தான் தூங்குதுங்கிறதால இங்க ஒருத்தரை எழுப்பினா போதும்.

கோர் டம்ப்:
இனிமே டம்ப்ல "வெயிட்டிங் (பார்க்கிங்)"னு வரும், பயப்படாதீங்க. எந்த த்ரெட் கையில ரீஎன்ட்ரன்ட்லாக் இருக்குன்னு பார்க்க ஜேஸ்டாக்கை -எல் சேர்த்து ஓட்டணும்.

படிக்கிறதுக்காக எழுதலைன்னா ஜாவாவோட ரெடிமேட் பவுண்டட் க்யூ அர்ரேபிளாக்கிங்க்யூவை எடுத்துக்கங்க. ஜாவா 5-லேர்ந்து இருக்கு, உள்ள இதே ஒரு லாக், ரெண்டு கண்டிஷன்தான். எதை வெச்சாலும் இன்டரப்டட் எக்செப்ஷனை (தூங்குற த்ரெட்டை நிறுத்தச் சொல்றப்ப வர்றது) பிடிச்சு முழுங்கிட்டு லூப்பைத் தொடராதீங்க, ஷட்டவுன் அப்ப எடுக்கிற 5 த்ரெட்டும் வெளிய வராது.